லோனி ஸ்டம்போ படம் பார்த்த ஊர்

படத்தில் லோனியின் அம்மா மக்காச்சோள ரொட்டி மாவில் இரண்டு கரண்டி சர்க்கரையைப் போட்டாள். அவ்வளவுதான், ஜூவல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த முந்நூறு பேரும் ஒரே குரலில் "சீ" என்றோம். எங்கள் மலைப்பக்கத்தில் ரொட்டி மாவில் சர்க்கரை போடுகிறவள் வெளியூர்க்காரியாக இருப்பாள், இல்லாவிட்டால் சமைக்கத் தெரியாதவளாக இருப்பாள். லோனியின் அம்மா இரண்டும் இல்லை. படம் தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊருக்கு அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது.

நம்பிக்கை முதலிலும் பெரிதாக இருந்ததில்லை. லோனி ஸ்டம்போ எங்கள் மாடாக்ஸ் ஃபோர்க்கில் பிறந்து, எங்கள் சபையில் பாடக் கற்றுக்கொண்டு, நாடு முழுக்க ரேடியோவில் பாடி, நாற்பது வயதில் ஈரல் கெட்டு நாஷ்வில்லில் செத்துப்போனவன். அவன் கதையைக் கலிபோர்னியாவிலிருந்து வந்து படமெடுத்தார்கள். மற்ற ஊர்களுக்குப் போகும் முன் எங்களுக்கு இலவசமாகக் காட்டுகிறோம் என்றார்கள். இலவசம் என்றபோதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

"இவன் கிடாரப் பிடிக்கிற லட்சணத்தப் பாரு. பால் கறக்குற மாதிரி இருக்கு" என்றார் பின்வரிசையிலிருந்து பிரதர் டெல்பர்ட். அவர் எங்கள் சபையின் மூத்த உதவிக்காரர், ஒலிபெருக்கி வேலையெல்லாம் அவர்தான்.

"நடிகன் ஆஸ்திரேலியாக்காரனாம்" என்றாள் ட்ரீவா. என் பியூட்டி பார்லரில் என்னோடு வேலை செய்கிறவள்.

"வாயத் தொறந்தாலே தெரியுதே."

"ஏன் எல்லாருக்கும் பல்லுல கறுப்பு பூசி வெச்சிருக்கானுங்க? எங்க அப்பா சாகுறப்போகூட முப்பத்திரண்டும் அப்படியே இருந்துச்சு."

"மலைக்காட்டான்னா பல்லு இருக்கக்கூடாதுன்னு கலிபோர்னியால சட்டம் போல."

சிரித்தோம். சிரித்தாலும் ஒவ்வொருவரும் இன்னும் என்னென்ன செய்து வைத்திருக்கிறார்களோ என்று கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்த்தோம். சிரிக்காதவள் நெல்டா மட்டும். லோனியின் ஒரே தங்கை. முதல் வரிசையில், வெளிர் ஊதா கோட்டும் பாவாடையுமாக, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அன்று காலை அவள் தலைக்கு ரோலர் சுற்றி அலங்காரம் செய்துவிட்டவள் நான். எங்கள் இருவருக்கும் எழுபத்துநாலு வயது. ஆறு வயதிலிருந்து ஒரே பள்ளி, ஒரே சபை. ஐம்பது வருடமாக அவள் தலையை வேறு யாரும் தொட்டதில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, புருஷன் ஹோபர்ட் போய் ஒன்பது வருடமாகிறது. நெல்டாதான் எனக்கு மிச்சம்.

ஒரு மணி நேரம் போனபின் அந்தக் காட்சி வந்தது.

லோனி பாடிய பாட்டுகளில் பெரியது, அம்மாவின் அடக்கத்துக்கு வரமுடியாமல் பனியில் வழியில் மாட்டிக்கொண்ட மகனின் பாட்டு. கேட்டவர்கள் லாரியை ஓரங்கட்டிவிட்டு அழுதிருக்கிறார்கள். அவன் அம்மா 1971 ஜனவரியில் இறந்தபோது மிசௌரியில் பனி கொட்டியது உண்மை. லோனியின் வண்டி அங்கே மாட்டிக்கொண்டது என்றுதான் ஊர் நம்பியது. ஆனால் படத்தில் லோனி விடிகாலையில் ஊருக்கு வந்து சேர்கிறான். நிற்க முடியாத குடி, மேலே சட்டை இல்லை. கூடத்தில் அம்மாவின் சவப்பெட்டி திறந்திருக்கிறது. ஆட்கள் வரத் தொடங்கவில்லை. தங்கை அவனை இழுத்துப்போய், மக்காச்சோளம் கொட்டி வைக்கும் மரக்கொட்டிலில் தள்ளிப் பூட்டுகிறாள். அந்தக் கொட்டிலுக்குச் சுவர் கிடையாது, காற்று போக இடைவெளி விட்டு அடித்த பலகைகள்தான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் சொந்தக் கல்லறை உண்டு. ஆறு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறுவதை லோனி பலகை இடுக்கு வழியாகப் பார்க்கிறான். கதவை அடிக்கிறான். மேட்டில் பாடிக்கொண்டிருந்தவர்கள் காதில் அது விழவில்லை.

தியேட்டரில் முந்நூறு தலைகளும் மெல்ல முதல் வரிசைப் பக்கம் திரும்பின. நெல்டாவின் பின்தலையில் நான் வைத்த சுருள் ஒன்றுகூட அசையவில்லை. அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்தப் படத்தில் சர்க்கரை பொய், பல் பொய், கிடார் பொய். இது மட்டும் உண்மை.

எனக்கு அது நாற்பத்தாறு வருடமாகத் தெரியும். அடக்கம் முடிந்த அடுத்த மாதம், என் கடையில் தலை கழுவும் தொட்டியில் மல்லாந்து கிடந்தபடி நெல்டா சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். பூட்டைத் திறந்ததும் லோனி ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனானாம். அப்புறம் சாகும்வரை அவன் ஊருக்கும் வரவில்லை, அவளோடு பேசவும் இல்லை. எட்டு மாதம் கழித்து அந்தப் பனிப்பாட்டு ரேடியோவில் வந்தது. ஊர் அதைக் கேட்டு அழுதது. நெல்டாவுக்கு மட்டும் அது தன்னைக் குத்துவதற்கென்றே பாடினது என்று தோன்றியது.

நான் வாயாடிதான், ஒப்புக்கொள்கிறேன். பியூட்டி பார்லர்க்காரி வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது. இந்த ஊரில் யார் யாரோடு ஓடிப்போனார்கள், யார் தலையில் சொந்த முடி எவ்வளவு, எல்லாம் என் வழியாகத்தான் போகும். ஆனால் கொட்டில் கதையை நான் ஹோபர்ட்டிடம்கூடச் சொன்னதில்லை.

படம் முடிந்தும் யாரும் எழவில்லை. படத்தின் கூட்டக் காட்சியில் நின்ற ஒன்றுவிட்ட அண்ணன் பெயர், கழுதையை வாடகைக்கு விட்ட மாமா பெயர் என்று ஆளாளுக்குப் பெயர் வருமென்று காத்திருந்தார்கள். நன்றி என்று போட்டு ஒரு பட்டியல் ஓடியது. அதில் மூன்றாவதாக 'எர்லீன் பியூட்டி பார்லர், மாடாக்ஸ் ஃபோர்க்' என்று வந்தது. இந்த முறை முந்நூறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

வாசலில் நெல்டா எனக்காக நின்றாள்.

"உன் கடைக்கு எத்தன வாட்டி வந்தாங்க?"

"ரெண்டு வாட்டிடி. என்கிட்ட பழைய டிரையர் நாற்காலி மூணு இருக்குல்ல, தலைமேல கவுக்கிறது, அத இரவல் கேட்டு. உனக்குத்தான் சொன்னேனே."

"டிரையர் பத்தி சொன்ன."

"வேற என்ன இருக்கு சொல்றதுக்கு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். வெளியாட்களைப் பார்க்கிற பார்வை அது. "நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனாள். அந்தச் சனிக்கிழமை அவள் தலை அலங்காரத்துக்கு வரவில்லை, அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

படம் நாடெங்கும் ஓடியது. பேப்பரில் நட்சத்திரக் குறி போட்டுப் பாராட்டினார்கள், கொட்டில் காட்சியில் தியேட்டர் தியேட்டராக ஜனங்கள் விம்மியதாக எழுதினார்கள். எங்கள் ஊரில் யாரும் விம்மவில்லை, எல்லோரும் துப்பறிந்தார்கள். சொன்னது யார் என்பதுதான் கேள்வி, விடை என் கடையின் பலகையில் எழுதியிருந்தது. மளிகைக் கடையில் நான் வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். போதகர் மூன்று ஞாயிறு தொடர்ந்து நாவடக்கம் பற்றிப் பிரசங்கித்தார், மூன்று முறையும் எனக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு. பிரதர் டெல்பர்ட், "எர்லீன் பாவம், அவளால அடக்க முடியல" என்று ஊர் முழுக்க எனக்காகப் பரிந்து பேசி என்னைக் கவிழ்த்தார். டிரையருக்குக் கீழே உட்காருகிறவர்கள் ஊமையாகிவிட்டார்கள். கடையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"நீங்க சொல்லியிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியாதா?" என்றாள் ட்ரீவா ஒருநாள் சீப்புகளைக் கழுவிக்கொண்டே. கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா, சொன்னீங்களா?" என்றாள்.

"கையில சீப்பு இருக்குது ட்ரீவா. எறிஞ்சேன்னா குறி தப்பாது."

வெளியே அப்படிச் சீறினாலும் இரவில் படுக்கையில் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பித்தப்பை ஆபரேஷனில் மயக்க மருந்து கொடுத்தார்களே, அப்போது உளறினேனா? ஹோபர்ட் பக்கத்தில் தூக்கத்தில் பேசினேனா? டிரையர் வாங்க வந்த சினிமாக்காரப் பெண் மார்லோ, அதைத் தூசி தட்டிக்கொண்டே எவ்வளவோ கேட்டாள், நானும் எவ்வளவோ பேசினேன். எழுபத்துநாலு வயதில் எதைப் பேசினோம், எதை விழுங்கினோம் என்று யார் சத்தியம் செய்வது?

ஆறாவது வாரம் மார்லோ டிரையர்களைத் திருப்பிக் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், மூக்கில் வளையம், நல்ல பெண்.

"படம் எப்படி இருந்துச்சு மேடம்? ஊர்ல எல்லாருக்கும் பிடிச்சுதா?"

"கண்ணு, அத அப்புறம் சொல்றேன். அந்தக் கொட்டில் விஷயம் உங்களுக்கு யார் சொன்னது? ஒளிக்காம சொல்லு. நானா?"

அவள் விழித்தாள். "நீங்களா? இல்லையே. நீங்க யார் யார் முடிக்குச் சாயம் அடிக்கிறாங்கன்னுதான் சொன்னீங்க. அது டேப்ல இருந்துச்சு."

"எந்த டேப்பு?"

"உங்க சபை டேப்பு."

அவள் சொல்லச் சொல்ல நான் டிரையர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் சபையில் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தின் கடைசியில் எல்லோரும் பீடத்தின் முன்னால் முழங்காலிட்டு, ஒரே நேரத்தில், உரக்க ஜெபிப்போம். ஆளுக்கொரு பாரம், ஆளுக்கொரு குரல். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவள் என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் கேட்காது. கேட்கக்கூடாது என்பதும் முறை. வீட்டில் முனகக்கூட முடியாததை அங்கே கத்திச் சொல்லலாம், கர்த்தர் ஒருவர்தான் பிரித்துக் கேட்பார். நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஆனால் எழுபதுகளில் பிரதர் டெல்பர்ட், எழுந்து வர முடியாமல் வீட்டோடு கிடப்பவர்களுக்காக ஆராதனையை டேப்பில் பிடித்து வீடு வீடாகக் கொடுத்து வந்தார். மைக்கைப் பிரசங்க மேடையின் கீழ்த்தட்டில் வைப்பார். ஜெபம் தொடங்கியதும் நிறுத்த வேண்டும். ஒரு புதன்கிழமை அவரும் முழங்காலில் விழுந்துவிட்டார், நிறுத்த மறந்துவிட்டார். அந்த டேப் கிடைத்த அம்மாள் அதைக் கேட்டாளோ இல்லையோ, போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டுச் சாமான் ஏலத்தில் பழைய சபைப் பாட்டு சேகரிக்கிற யாரோ ஒரு கல்லூரிக்காரர் பெட்டியோடு வாங்கியிருக்கிறார். லோனியின் சபை என்று சினிமாக்காரர்கள் அதைத் தேடிப் பிடித்துவிட்டார்கள்.

"அந்தக் குரல் யாருதுன்னு டேப்ல பேர் இல்ல. தங்கச்சின்னு மட்டும் புரிஞ்சது" என்று மார்லோ போனில் அதைப் போட்டுக் காட்டினாள். நான் கேட்டதும் என் போனுக்கே அனுப்பிவைத்தாள்.

முதலில் தேனீக்கூட்டில் கல் எறிந்த மாதிரி ஒரே இரைச்சல். அதில் என் குரலையும் கேட்டேன். ஹோபர்ட்டின் முதுகுவலிக்காக நான் போட்ட கூப்பாடு. அதற்குப் பக்கத்தில், மைக்குக்கு இரண்டடியில், முப்பத்தைந்து வயது நெல்டா.

"ஆண்டவரே, பூட்டினது நான். அவன் இடுக்கு வழியா அம்மாவப் பாத்தான், நான் அவன் விரல்களப் பாத்தேன், பாத்துட்டும் தொறக்கல. ஜனங்க என்ன சொல்லுவாங்கன்னு பயந்தேன் ஆண்டவரே. ஆஸ்பத்திரில கெடக்குறான், என்னைப் பாக்கமாட்டேங்கிறான். என்ன மன்னிக்க வேணாம், அவன எடுத்துக்காதேயும்."

நான் இரண்டடி தள்ளி முதுகுவலியைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கடைசியில் இன்னொன்று வந்தது.

"எர்லீன்கிட்ட வேற சொல்லித் தொலச்சிட்டேன். அவ வாயப் பத்தி உமக்கே தெரியும். அவ வாய்க்கு ஒரு பூட்டுப் போடும் ஆண்டவரே."

நாற்பது வருடமாகவா! சனிக்கிழமை சனிக்கிழமை என் கையில் தலையைக் கொடுத்துவிட்டு, உள்ளுக்குள்ளே இவள் இன்று யாரிடம் உளறிவிடுவாளோ என்று கணக்குப் போட்டுக்கொண்டா இருந்தாள்? துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்படியே காரை எடுத்தேன். அவள் வரவேற்பறையில் நின்று இதை முழுச் சத்தத்தில் போட்டுக் காட்டுவதென்று முடிவு. பிரதர் டெல்பர்ட்டுக்கும் போட்டுக் காட்டுவேன். மளிகைக் கடை வரிசையிலும் போடுவேன்.

நெல்டா வீட்டு வாசலில் புளோரிடா நம்பர் போட்ட கார் ஒன்று நின்றது. தொப்பி வைத்த ஒரு புருஷனும் பெண்சாதியும் வேலியோரம் நின்று போட்டோ எடுக்க எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கொட்டில் அங்கே இல்லை. பலகைகள் பிரித்துப் போட்டுக் குவிந்து கிடந்தன. நெல்டா சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாராமல், நரை முழுக்கக் காதோரம் தொங்கியது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பிரிச்சுட்டேன்" என்றாள், நான் கேட்காமலே. "உள்ள போயி நின்னு இடுக்கு வழியா பாக்குறானுங்க. ஒருத்தி அழுதுட்டு என் கையப் பிடிச்சு, எப்படிம்மா மனசு வந்துச்சுன்னு கேக்குறா. நீ எதுக்கு வந்த?"

"பேசணும்."

"பேசறதுக்கு உனக்குச் சொல்லியா தரணும்."

போன் என் கோட்டுப் பையில் இருந்தது. விரல் அதன்மேல் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும்.

"நான் எல்லாரையும் யோசிச்சுப் பாத்துட்டேன் எர்லீன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான். "உன்மேல பழி போடக்கூடாதுன்னுதான் ஆறு வாரமா யோசிச்சேன். லோனி சொல்லியிருப்பானான்னுகூட யோசிச்சேன். அவன் பனின்னு பாடினான், சாகுற வரைக்கும் பனின்னே சொன்னான். என்னைக் காட்டிக்குடுக்கல. அது எனக்கு இப்பதான் ஒறச்சுது. மிச்சம் நான் சொன்னது ரெண்டே பேர்கிட்ட. ஒண்ணு நீ. இன்னொண்ணு கர்த்தர். தினம் காலைல எந்திரிச்சு இதே மேஜைல அவர்கிட்டதான் பேசறேன். இந்த ஆறு வாரத்துல எனக்குன்னு மிஞ்சினது அவர் ஒருத்தர்தான். அவர் சொல்லியிருக்க மாட்டாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லேன் என்று கெஞ்சுகிற மாதிரியும் இருந்தது, சொன்னால் நம்பமாட்டேன் என்கிற மாதிரியும் இருந்தது.

நான் அந்த டேப்பை நினைத்தேன். அதைக் கேட்டபிறகு அவள் எந்த மேஜையில் உட்கார்ந்து யாரோடு பேசுவாள்? இனி ஒரு புதன்கிழமையாவது வாயைத் திறந்து ஜெபிப்பாளா? எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என் வாய்க்குப் பூட்டுக் கேட்டவள் மேல் இன்றைக்கும் ஆத்திரம்தான். ஆனால் அவளுக்கு இருப்பது அந்த ஒன்றுதான், எனக்கு இருப்பது அவள்தான்.

"நான்தான் நெல்டா" என்றேன். "அந்தப் பொண்ணு டிரையர் எடுக்க வந்தப்போ சொல்லிட்டேன். வாய் தவறிடுச்சு."

அவள் முகத்தில் ஆறு வாரமாக இருந்த இறுக்கம் அப்படியே இறங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதற்காகவே அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள். "மொத நாளே தெரியும். உன் வாயால வரட்டும்னுதான் காத்திருந்தேன்."

மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். எங்கள் சபை வழக்கப்படியே, வெளியே நின்ற புளோரிடாக்காரர்களுக்கும் கேட்கும்படி, உரத்த குரலில் ஜெபிக்க ஆரம்பித்தாள்.

"ஆண்டவரே, இந்த எர்லீன மன்னியும். இவளுக்கு நாக்கு நீளம், மனசு கெட்டது இல்ல. நான் இவள மன்னிச்சுட்டேன், நீரும் மன்னியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஆமென் என்றேன்.